கால்பந்துக்கும் ஜாதகமா?

ஒரு வேலைக்கு ஆள் பொறுக்குவதில் உலகத்தில் இரண்டே முறைகள்தான் இருக்கின்றன. ஒன்று, வருகின்றவன் இதுவரை என்ன செய்திருக்கின்றான், இனி என்ன செய்யத் தெரிந்தவன் என்று பார்ப்பது. மற்றொன்று, அவன் எப்போது பிறந்தான், எங்கே பிறந்தான், யாருக்குப் பிறந்தான் என்று பார்ப்பது. முன்னதற்கு அறிவு வேண்டும். பின்னதற்குப் பஞ்சாங்கம் போதும். இந்த இரண்டில் நம் நாட்டார் எதை எங்கே கையாளுகின்றார்கள் என்பதைக் கால்பந்தாட்டத்தை வைத்தே இவ்வாரம் பார்க்கலாம். “சுயமரியாதைப் பத்திரிகைக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை?” என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. ஜோசியன் எங்கே நுழைந்தாலும் அங்கே நமக்கு வேலை உண்டு.

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்தியக் கால்பந்துக் கோஷ்டிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஸ்தானம் காலியாயிற்று. அதில் ஓராண்டு இருந்த ஸ்பெயின் தேசத்து மனோலோ மார்க்கேஸ் விலகிக்கொண்டார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விண்ணப்பம் கேட்டது. 170 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் மூவரைச் சம்மேளனத்தின் தொழில்நுட்பக் கமிட்டி பொறுக்கி முன்னே வைத்தது. ஒருவர் இங்கிலாந்துக்காரரான ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். மற்றொருவர் ஸ்லோவாக்கியா தேசத்து ஸ்டெபான் டார்கோவிச். மூன்றாமவர் நம் நாட்டுக் காலித் ஜமீல்.

இந்தச் சங்கதி திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கத்து டீக்கடைகள் வரையில் வந்துவிட்டது. செங்கம் ரோட்டில் ஒரு பக்கம் ஜோசியப் பலகைகளும், ருத்திராட்சக் கடைகளும், ஞானம் தேடி வந்த வெள்ளைக்காரர்களும். மற்றொரு பக்கம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் யார் என்று தொண்டை கட்டக் கத்துகின்ற வாலிபர்கள். ஒருவர் கான்ஸ்டன்டைன்தான் வரவேண்டும் என்றார். ஏனென்றால் 2019-ல் ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் தாய்லாந்தை 4-க்கு 1 என்று வென்ற கோஷ்டி அவருடையது என்று கணக்குச் சொன்னார். “அதே பந்தயத்தில் எமிரேட்டிடமும் பஹ்ரைனிடமும் தோற்று முதல் சுற்றோடு திரும்பி வந்ததையும் சேர்த்துச் சொல்” என்றார் மற்றொருவர். டார்கோவிச்சுக்காகப் பேசியவர், ஸ்லோவாக்கியாவை ஐரோப்பியக் கோப்பைக்கு அழைத்துப் போய்ப் போலந்தை வென்றவர் அவர் என்றார். அதே பந்தயத்தில் ஸ்பெயினிடம் ஐந்து கோல் வாங்கிய கதை உடனே வெளிவந்தது. ஜமீலுக்காகப் பேசியவர், 2017-ல் மிசோரம் மலை நாட்டு அய்சால் என்னும் சிறு கோஷ்டியைக் கொண்டு, பெரிய பணக்காரக் கோஷ்டிகளையெல்லாம் தாண்டி, ஐ-லீக் சாம்பியன் பட்டம் பெற்றவர் அவர் என்றார். “கோல் போடுவதைவிடக் கோல் வாங்காமலிருப்பதிலேயே அவருக்குக் கவனம்” என்று அதற்கும் ஒரு மறுப்பு வந்தது.

தோழர்களே! இந்தப் பேச்சைக் கேட்டு நாம் உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். ஏன்? “பெரியவர்கள் சொன்னார்கள்” என்று ஒருவரும் சொல்லவில்லை. “சாஸ்திரத்தில் இருக்கின்றது” என்று ஒருவரும் சொல்லவில்லை. என்ன செய்தான், யாரிடத்தில் வென்றான், யாரிடத்தில் தோற்றான், எந்த வருஷம், எத்தனை கோல் என்றே பேசினார்கள். ஒருவன் புகழ்ந்தால் மற்றொருவன் ஆதாரம் கேட்டான். நாம் இத்தனை காலமாய் மேடை போட்டுக் கத்துகின்ற பகுத்தறிவு என்பது இதைத் தவிர வேறென்ன? கூட்டத்துக்கு வராத பிள்ளைகள் பந்தாட்டத்தின் மூலமாக அதைக் கற்றுக்கொண்டார்கள் என்றால் அந்தப் பந்துக்கு நாம் கடமைப்பட்டவர்களே.

ஆனால் கடைசியில் ஒருவர் வாயைத் திறந்தார். “எல்லாம் சரி அண்ணே, ஆளுக்கு ராசி இல்லையே!” என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஒரு மணி நேரம் கணக்குப் பேசிய வாய்கள் எல்லாம் ‘ராசி’ என்ற ஒரு சொல்லில் அடைத்துப்போயின. “அது என்ன ராசி? எங்கே இருக்கின்றது? அதற்கு என்ன கணக்கு?” என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீக்கடையில் ஒரு வாலிபர் சொன்னதற்காக இவ்வளவு கோபமா என்று சிலர் நினைக்கலாம். டீக்கடையோடு நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அது சம்மேளனத்தின் பணப்பெட்டி வரையில் போயிற்றே!

2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வந்த செய்தி இது: இந்தியக் கோஷ்டிக்கு உற்சாகம் ஊட்டுவதற்கு என்ற பெயரில் ஒரு ஜோசியக் கம்பெனியைச் சம்மேளனம் 16 லட்சம் ரூபாய்க்கு அமர்த்தியது. மேலும் 2023 செப்டம்பரில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை எழுதியது என்னவென்றால், அப்போது பயிற்சியாளராயிருந்த குரோவேஷியா தேசத்து இகோர் ஸ்டிமாச், ஆப்கானிஸ்தானோடு ஆடுவதற்கு இரண்டு நாள் முந்தி, ஆட்டக்காரர்களின் பெயர்களை டில்லிப் பக்கத்து ஜோசியர் ஒருவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார் என்பதாகும். அந்த ஜோசியரை அவருக்கு அறிமுகம் செய்து வைத்தவர் சம்மேளனத்தின் அப்போதைய பொதுச் செயலாளர்தான் என்றும் அதே பத்திரிகை எழுதிற்று. இன்னாருக்கு அன்று நல்ல நாள், இன்னாருக்கு மத்திமம், இன்னாரை அன்று இறக்கவேண்டாம் என்கின்ற மாதிரியில் பதில் வந்ததாம். நாள் சரியில்லை என்று சொல்லப்பட்ட இருவர், மைதானத்தில் முதலில் இறங்கிய பதினொரு பேரில் இல்லையாம்.

ஜோசியர் சொன்னதற்காகவே அவர்களை நீக்கினார் என்று நாம் சத்தியம் செய்ய வரவில்லை. பயிற்சியாளருக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டதே குற்றமல்லவா என்பதுதான் நம் கேள்வி. ஒரு ஆட்டக்காரன் என்றால் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. பத்து வயது முதல் வெயிலிலும் மழையிலும் ஓடி, முட்டி உடைந்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் ஓடி, நாட்டுக்காக ஆடுகின்ற சட்டையை ஒரு நாளாவது போட்டுவிட வேண்டும் என்று இருக்கின்றவன். அவனுடைய ஓட்டத்தைப் பார், உதையைப் பார், மூச்சைப் பார். போதாது என்றால் தள்ளிவிடு. அதில் அவனுக்கு அவமானமில்லை. இன்னும் உழைத்து மறுபடியும் வருவான். ஆனால், “நீ பிறந்த நேரம் இன்றைக்குச் சரியில்லை” என்று சொல்லி உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான்? எதைத் திருத்திக்கொள்வான்? உழைத்தால் கால் பலப்படும்; உழைத்தால் பிறந்த நேரம் மாறுமா? மனிதன் தன் முயற்சியால் மாற்ற முடியாத ஒன்றை வைத்து அவனைத் தள்ளிவைப்பது எங்கே நடந்தாலும் அதற்குப் பேர் அயோக்கியத்தனம்.

“அந்த ஆட்டத்தில் இந்தியா ஜெயித்ததே! ஜோசியம் பலித்ததல்லவா?” என்று ஜோசியத்துக்கு வக்காலத்து வாங்குகின்றவர்கள் கேட்பார்கள். ஆம், 2022 ஜூன் 11-ந் தேதி கல்கத்தாவில் 2-க்கு 1 என்று ஜெயித்தது. எப்போது ஜெயித்தது? 86-வது நிமிஷம் வரையில் இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லை. பிறகு சுனில் சேத்ரி ஒன்று போட்டார். ஆப்கானியர் உடனே ஒன்று திருப்பினார்கள். கூடுதல் நேரத்தில் சகல் அப்துல் சமது மற்றொன்று போட்டார். அந்தக் கடைசி உதை கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் கிரகம் என்ன ஆகியிருக்கும்? இரண்டு வருஷம் கழித்து அதே ஜூன் 11-ந் தேதி, 2024-ல், கத்தாரிடம் அதே 2-க்கு 1 என்று இந்தியா தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை விட்டு வெளியேறிற்று. கத்தாரின் முதல் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துப் போட்டது என்று பெரிய தகராறே நடந்தது. அந்த அநியாயத்தையாவது எந்த ஜோசியனாவது முன்கூட்டிச் சொன்னானா? அதற்கு முன், அவ்வருஷம் ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 2, உஸ்பெகிஸ்தானிடம் 3, சிரியாவிடம் 1 என்று வாங்கி, தான் ஒன்றும் போடாமல் நம் கோஷ்டி திரும்பி வந்தது. ஜூன் 17-ந் தேதி ஸ்டிமாச்சுக்குச் சீட்டுக் கிழிந்தது.

இன்னொரு சங்கதி. மைதானத்தில் இருப்பவர்கள் 22 பேர். எதிர்க்கோஷ்டியின் பதினொரு பேரும் ஏதோ ஒரு நட்சத்திரத்தில்தானே பிறந்திருப்பார்கள்? அவர்களுக்கும் அதே வானம், அதே சனி, அதே வியாழன்தானே? அவர்கள் ஜாதகத்தை யார் பார்த்தார்கள்? நம் கோல்கீப்பருக்கு நல்ல நேரம், அவர்களுடைய முன்னாட்டக்காரனுக்கும் நல்ல நேரம் என்றால் பந்து எங்கே போகும்? நடுவில் நின்றுவிடுமோ? இந்தக் கேள்வியைப் பத்து வயதுப் பையன் கேட்டுவிடுவான். 16 லட்சம் கொடுத்த கனவான்களுக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

“வெள்ளைக்காரனே பார்க்கின்றான், நாம் பார்த்தால் என்ன?” என்று சிலர் கேட்பார்கள். வெள்ளைக்காரன் செய்தால் மூடத்தனம் ஞானமாகிவிடுமா? பிரெஞ்சுக் கோஷ்டிக்குப் பயிற்சியாளராயிருந்த ரேமோன் டோமெனெக் என்பவரும் ஆட்டக்காரர்களின் ராசியைப் பார்ப்பவர் என்று பேர் எடுத்தவர்தான். 2006-ல் அவர் கோஷ்டி உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரையில் போனது உண்மை. ஜினதீன் ஜிதான் மாதிரியான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்; போயிற்று. அவர் விலகிய பிறகு 2008 ஐரோப்பியக் கோப்பையிலும் 2010 உலகக் கோப்பையிலும் அதே கோஷ்டி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பன்னிரண்டு ராசிகளும் அப்படியேதான் இருந்தன. ஜிதான்தான் இல்லை.

இப்போது ராசி பாராத ஒரு பயிற்சியாளரின் வேலையைக் கேளுங்கள். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்த சையத் அப்துல் ரஹீம் என்பவர் 1950 முதல் இந்தியக் கோஷ்டியைப் பழக்கினார். 1951-ல் டில்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம். ஜகார்த்தாவில் பின்னாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ஜோசியனாயிருந்தால் “கெட்ட நேரம், உட்கார வை” என்றிருப்பான். ரஹீம் அந்த மனிதனின் ஜாதகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய உடம்பின் பலத்தையும் நெஞ்சின் துணிச்சலையும் பார்த்தார். தலையில் கட்டோடு பின்னாலிருந்து முன்னுக்கு மாற்றி நிறுத்தினார். அரை இறுதியில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக மற்றொன்று போட்டார். 2-க்கு 1 என்று தங்கம் வந்தது. அப்போது ரஹீமையே புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது, மறுவருஷம் செத்துப்போனார். அவரைவிடக் ‘கெட்ட நேரம்’ யாருக்கு இருந்தது? அந்த நேரத்தில்தான் இந்தியக் கால்பந்தின் பெரிய வெற்றி கிடைத்தது.

நிற்க, 2025-ல் மூவரைப் பொறுக்கிய தொழில்நுட்பக் கமிட்டிக்குத் தலைவர் யார் தெரியுமா? திருச்சூர் ஐ.எம். விஜயன். சிறு வயதில் அவ்வூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பிள்ளை. சோடாக்காரப் பையனுக்குப் பந்து எதற்கு என்று பிறப்பைப் பார்த்துத் துரத்தியிருந்தால் இந்தியா ஒரு பெரிய ஆட்டக்காரனை இழந்திருக்கும். சோடா விற்ற மைதானத்திலிருந்து தேசத்தின் பயிற்சியாளரைப் பொறுக்குகின்ற நாற்காலி வரைக்கும் அவரைத் தூக்கி வந்தது எந்தக் கிரகமும் அல்ல. அவருடைய இரண்டு கால்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. உலகப் பிரசித்தி பெற்ற ஸ்பெயின் தேசத்துப் பயிற்சியாளர்களான சாவி ஹெர்னாண்டஸ், பெப் கார்டியோலா ஆகியவர்களின் பெயரால் சம்மேளனத்துக்கு மின்னஞ்சலில் மனு வந்தது. நாடெங்கும் ஆரவாரம். பிறகு, எழுதியவர் உண்மையில் அவர்தானா என்று விசாரித்தார்கள், போலி என்று தெரிந்தது, குப்பையில் போட்டார்கள். மிகச் சரி. சாவி பெயரால் வந்த கடிதத்தைச் சில நாளில் விசாரித்துத் தள்ளிய நாடு, பிரம்மா பெயராலும் மனு பெயராலும் வந்த கடிதங்களை மட்டும் இத்தனை காலமாய் விசாரியாமல் தலையில் வைத்துக் கூத்தாடுவது ஏன் என்று கேட்கின்றோம். “எழுதியவன் யார்? இதனால் யாருக்கு லாபம்?” என்கின்ற அந்த இரண்டு கேள்விகளை அங்கேயும் கேட்டால் என்ன?

கேட்டால் யாருடைய பிழைப்புப் போகும் என்பதைத் தெரிந்துகொள்ளத் திருவண்ணாமலையைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. இந்த ஊரிலும் ஒரு வேலைக்கு ஆள் பொறுக்குகின்ற விவகாரம் நடந்தது. அது கோயிலில் அர்ச்சகர் வேலை. பரம்பரையாய் வருகின்ற அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970-ல் தி.மு.க. சர்க்கார் சட்டம் செய்தது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ஆகமப்படிதான் நியமிக்க வேண்டும் என்று ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டது. 2006-ல் மறுபடியும் உத்தரவு போட்டு, எல்லாச் சாதியாருக்கும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். ஆறு ஊர்களில் ஒன்று திருவண்ணாமலை. இருநூறுக்கு மேற்பட்ட வாலிபர்கள் அந்தப் பள்ளிகளில் மந்திரமும் முறையும் கற்றுப் பரீட்சை தேறினார்கள். தேறியவர்களுக்கு வேலை கிடைத்ததா? வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். 2021 ஆகஸ்டு 14-ந் தேதி, அப்படிப் படித்தவர்களில் 24 பேருக்கு முதல் மந்திரி ஸ்டாலின் நியமன உத்தரவு கொடுத்தார். இருபது வயதில் படித்தவனுக்கு முப்பத்தைந்து வயதில் உத்தரவு! அதன் பேரிலும் வழக்கு! 2023 ஜூனில் சென்னை ஐக்கோர்ட்டு, அர்ச்சகர் நியமனத்தில் வம்சாவளிக்கு இடமில்லை, ஆகமத்தில் தேர்ச்சிதான் வேண்டும் என்று சொல்லவேண்டி வந்தது.

கடவுளே இல்லை என்கின்ற நமக்கு, கல்லுக்கு யார் மணியாட்டினால் என்ன என்று கேட்கலாம். கல்லைப்பற்றி நமக்குக் கவலையில்லை, மனிதனைப்பற்றித்தான் கவலை. பரீட்சை தேறியவனைப் பார்த்து, “நீ யாருக்குப் பிறந்தாய்?” என்று கேட்பதும், பந்து உதைக்கத் தெரிந்தவனைப் பார்த்து, “நீ எந்த நேரத்தில் பிறந்தாய்?” என்று கேட்பதும் ஒரே புத்திதான். ஜாதகமும் ஜாதியும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மற்றொன்றை ஒழிக்க முடியாது. ராசி பார்க்கின்ற ரசிகனுக்கு, சாதி பார்க்கின்ற அர்ச்சகனைக் கேட்க வாய் எங்கே இருக்கின்றது? “வெள்ளைக்காரன் என்றால் கெட்டிக்காரன்”, “நம்மவன் என்றால் போதும்” என்று பேசுகின்றவர்களும் அதே சேற்றில்தான் நிற்கின்றார்கள். பிறந்த நேரத்துக்குப் பதிலாகப் பிறந்த தேசத்தைப் பார்க்கின்றார்கள், அவ்வளவே வித்தியாசம்.

அன்றியும் ஒரு நியாயத்தைக் கவனியுங்கள். பயிற்சியாளன் தோற்றால் அவனைக் கேட்க ஆள் இருக்கின்றது. 2025 ஆகஸ்டு முதல் தேதி ஜமீலை நியமித்தார்கள். அந்த மாதத்திலேயே தஜிகிஸ்தானை அதன் சொந்த ஊரிலேயே ஜெயித்தார், புகழ்ந்தோம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குப் போகமுடியாமல் போயிற்று, வைதோம். இரண்டும் சரியே. அவர் செய்ததை வைத்துப் புகழ்ந்தோம், செய்ததை வைத்து வைதோம். ஆனால் கிரிவலப் பாதையில் பலகை மாட்டியிருக்கின்ற ஜோசியனை, “நீ சொன்னதில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது?” என்று எவராவது கணக்குக் கேட்டதுண்டா? பிள்ளை பிறக்கும் என்று காணிக்கை வாங்கிய சாமியாரைப் பிறக்காதபோது வேலையை விட்டு நீக்கியதுண்டா? மூன்று ஆட்டம் தோற்ற பயிற்சியாளனுக்கு ஊர் முழுவதும் வசவு. மூவாயிரம் முறை தோற்ற ஜோசியனுக்கு மறுபடியும் தட்சணை! பயிற்சியாளன் பொய்த்தால் அவன் குற்றம். ஜோசியன் பொய்த்தால் கேட்டவனின் கர்மமாம்! இப்படித் தோல்வியே இல்லாத உத்தியோகம் உலகத்தில் வேறு ஏதாவது இருந்தால் நமக்குச் சொல்லுங்கள்.

ஆகவே வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பந்தாட்டத்தை விடவேண்டாம்; விவாதத்தையும் விடவேண்டாம். தலைமைப் பயிற்சியாளருக்கானாலும், உதவிப் பயிற்சியாளருக்கானாலும், உங்கள் கல்லூரிக் கோஷ்டிக்கானாலும், என்ன செய்தான் என்று கேளுங்கள். என்ன படித்தான், எந்த லைசென்ஸ் வாங்கினான், எந்தப் பிள்ளைகளை முன்னுக்குக் கொண்டுவந்தான், தோற்றபோது என்ன கற்றுக்கொண்டான் என்று கேளுங்கள். எவனாவது இடையில் புகுந்து ‘ராசி’ என்றால் வாயடைத்துப் போகாமல், “அதற்குக் கணக்கு எங்கே?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை மைதானத்தோடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் எடுத்துப் போங்கள். தங்கைக்கு வரன் பார்க்கும்போது ஜாதகக் கட்டை நீட்டினால் அங்கே கேளுங்கள். கோயிலில் ஒரு சாதியான் மட்டும் உள்ளே நிற்கின்றானே, அங்கே கேளுங்கள். ஆசிரம வாசலில் ஞானம் விற்கின்றவனிடமும் கேளுங்கள்.

பந்து உதைக்கின்றவனிடம் கேட்பதற்கு உங்களுக்கு இருக்கின்ற தைரியம் பணம் பறிக்கின்றவனிடம் கேட்பதற்கும் வருமானால், ஜோசியப் பலகைகளைக் கழற்ற சர்க்கார் சட்டம் செய்ய வேண்டியதில்லை. மாட்டியவனே கழற்றிக்கொண்டு போவான்.